மூன்று மலைகளில் எந்த மலை?

புதுச்சேரியில் படிக்கும் என் அக்கா மகள் போன மாதம் ஒரு பட்டியல் அனுப்பினாள். ஸ்பிதி, மேகாலயா, கொழுக்குமலை, அகத்தியர்கூடம், ஐஸ்லாந்து. கீழே ஒரே வரி: "சித்தி, தனியா போகணும், கொஞ்சம் துணிச்சலான இடமா இருக்கணும். இதுல எது?" அவள் விடுதியிலிருந்து செஞ்சி எழுபது கிலோமீட்டர். அந்த ஊரைப் பட்டியலில் காணோம்.

நான் திண்டிவனத்துப் பக்கத்துக்காரி. திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறி, செஞ்சிக் கோட்டை நிறுத்தத்துக்குச் சீட்டுக் கேட்டால் பக்கத்து இருக்கை அம்மாள் கட்டாயம் திரும்பிப் பார்ப்பார். "ஒத்தையிலயா போற? கூட யாரும் வரலியா?" அந்தக் கேள்வியை இருபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். அக்கா மகளிடமிருந்து வந்த கேள்வியும் பேருந்தில் வந்த கேள்வியும் ஒன்றையொன்று தொடுவதால், இரண்டுக்கும் சேர்த்தே யோசித்தேன்.

தனியாகப் போகும் பெண் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நம்மிடையே நான்கு பதில்கள் புழங்குகின்றன. குற்றம் குறைந்த நாட்டுக்குப் போ. கூட்டத்தோடு போ. கோயிலுக்குப் போ. போகவே போகாதே. நான்காவதை விட்டுவிடுகிறேன், அதற்குப் பதில் எழுதும் வயது எனக்குக் கடந்துவிட்டது. மற்ற மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையக் குழப்பமும் இருக்கிறது.

குழப்பத்தின் வேர், சாகசத்தையும் ஆபத்தையும் ஒரே தராசில் வைப்பது. 2011ஆம் ஆண்டு அருணிமா சின்ஹா ரயிலில் பயணம் செய்துகொண்டிருந்தார். கழுத்துச் சங்கிலியைப் பறிக்க வந்தவர்கள், கொடுக்க மறுத்த அவரை ஓடும் வண்டியிலிருந்து தள்ளிவிட்டார்கள். ஒரு காலை இழந்தார். இரண்டே ஆண்டுகளில், 2013 மே மாதம், செயற்கைக் காலோடு எவரெஸ்ட் உச்சியில் நின்றார். நாம் தினமும் ஏறி இறங்கும் ரயில் பெட்டி அவர் காலை எடுத்தது. உலகத்தின் மிக உயரமான மலை அவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியது. மலைக்கு உள்ள ஆபத்து வேறு வகை. அதைப் படித்துக்கொள்ளலாம், பழகலாம், அதற்கென்று தயாராகலாம். மனிதர்களால் வரும் ஆபத்துக்கு அப்படித் தயாராக முடியாது. அது வராத சூழலைத் தேடித்தான் போகவேண்டும். ஆகவே ஓர் இடத்தைப் பற்றி நாம் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்கவேண்டும். அங்கே பாறை என்ன செய்யும்? அங்கே ஆட்கள் என்ன செய்வார்கள்?

ஐஸ்லாந்தை எடுத்துக்கொள்வோம். உலக அமைதிக் குறியீட்டில் 2008 முதல் அதுதான் முதலிடம். நள்ளிரவில் தனியே நடக்கலாம் என்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் அதே நாட்டின் ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில், சத்தமில்லாமல் ஏறிவரும் பேரலை சுற்றுலாப் பயணிகளை இழுத்துச் சென்று கொன்றிருக்கிறது. ஆட்கள் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய நாடு, அலை பற்றிய கேள்வியில் தவறியவர்களை மன்னிப்பதில்லை. நம் நாட்டுக்குள் மாநிலங்களை ஒப்பிடுகிறவர்கள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையை எடுத்துக் காட்டுவார்கள். அது பதிவான புகார்களின் கணக்கு. பெண்கள் தயங்காமல் காவல் நிலையப் படியேறும் மாநிலத்தில் எண் கூடும், வாய்மூடி இருக்கும் இடத்தில் எண் குறையும். அந்த அட்டவணையை வைத்து ஊர் தேர்ந்தெடுப்பது, மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணி ஊரின் ஆரோக்கியத்தைச் சொல்வது போன்றது.

கூட்டத்தோடு போவது பற்றிப் பேச எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மகளிர் தினம் முடிந்து மூன்றாம் நாள். கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டத்துக் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்து போன குழுவில் பெரும்பாலோர் பெண்கள். இறந்தவர்கள் 20-க்கும் மேற்பட்டோர். அவர்களில் யாரும் தனியாகப் போகவில்லை. வழிகாட்டி இருந்தார், தோழிகள் இருந்தார்கள், ஏற்பாடு செய்தவர்கள் இருந்தார்கள். மார்ச் மாதத்துக் காய்ந்த புல் இருந்தது, சரிவில் மேலேறிய காற்று இருந்தது. தீ கீழிருந்து மேலே ஓடும்போது மனிதக் கால் அதற்கு ஈடுகொடுக்காது. "கூட்டமாகப் போனால் பயமில்லை" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தப் புல்சரிவுதான் நினைவுக்கு வருகிறது. கூட்டம், ஆட்கள் பற்றிய கேள்விக்கு ஓரளவு விடை. பாறை, தீ, வெள்ளம் பற்றிய கேள்விக்கு அது விடையே இல்லை.

அந்தத் துயரத்துக்குப் பிறகு அரசு அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் மூலம் 40 மலைப்பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்தார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, உள்ளூர்ப் பழங்குடி மக்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து அனுப்புகிறார்கள். காட்டுக்குள் போக விரும்பும் பெண்ணுக்கு இன்றைக்குச் சரியான வாசல் இதுதான் என்பது என் கருத்து. பெயர் பதிவாகிறது, எப்போது உள்ளே போனாள் என்று ஒருவருக்குத் தெரிகிறது, வெளியே வரவில்லையென்றால் தேட ஓர் ஆள் இருக்கிறார். காட்டில் வேறெந்த வீரமும் இதற்கு ஈடாகாது.

கோயிலுக்குப் போ என்ற பதில்தான் நமக்கு மிகப் பழையது. தமிழ் மரபில் தனியே நடந்த பெண்கள் என்றால் முதலில் இருவர் நினைவுக்கு வருகிறார்கள். கணவன் பிரிந்தபின் காரைக்கால் அம்மையார் இந்த உடம்பின் அழகு வேண்டாமென்று பேயுருவம் கேட்டு வாங்கி, கயிலைக்குத் தலையால் நடந்தார் என்கிறது பெரியபுராணம். ஔவை, திருமணத்திலிருந்து தப்ப இளமையை உதறி முதுமையை வரமாகப் பெற்று ஊர் ஊராக நடந்தார் என்பது கதைமரபு. இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்தால் நெஞ்சு கனக்கிறது. வழியில் இறங்க வேண்டுமென்றால் இளம்பெண்ணின் உடம்பை முதலில் வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும். வெளிநாட்டிலும் கதை மாறவில்லை. 1924இல் லாசாவுக்குள் நுழைந்த பிரெஞ்சுப் பயணி அலெக்சாண்ட்ரா டேவிட்-நீலுக்கு அப்போது வயது 55. முகத்தில் கரி பூசி, பிச்சை எடுக்கும் யாத்திரிகர் வேடத்தில்தான் போனார்.

வேடம் என்றதும் செஞ்சிக்காரர்களுக்கு இன்னொருவர் நினைவுக்கு வருவார். மராட்டிய அரசர் ராஜாராம், அவுரங்கசீப்பின் படை துரத்த, மாறுவேடத்தில் தெற்கே தப்பிவந்து செஞ்சிக் கோட்டையில்தான் புகலடைந்தார். நடுவழியில் அவரைக் காத்து அனுப்பியவர் கெளதி அரசி சென்னம்மா. அரசனுக்கே ஆபத்துக் காலத்தில் வேடம் தேவைப்பட்டது. பெண்ணுக்கு அந்த ஆபத்துக் காலம் எப்போதும் நீடித்ததால் யாத்திரை என்பது நிரந்தர வேடமாயிற்று.

அந்த வேடம் இன்றும் வேலை செய்கிறது. செஞ்சிக்கு அருகில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு வந்து பாருங்கள். ஊஞ்சல் உற்சவத்துக்கு வந்த பெண்கள் வெட்டவெளியில் பாய் விரித்து விடியும்வரை இருப்பார்கள். தனியாக வந்தவர்களும் அதில் உண்டு. இரவு இரண்டு மணிக்கு அங்கே யாரும் யாரையும் "ஒத்தையிலயா?" என்று கேட்பதில்லை. காரணம் பக்தி மட்டும்தானா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான பெண்கள் அங்கே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறார்கள், டீக்கடை திறந்திருக்கிறது, பேருந்து வந்துகொண்டே இருக்கிறது. இந்த மூன்றும் இருக்கும் எந்த இடமும் பெண்ணுக்கு இரவிலும் பொது இடமாகிவிடும், சாமி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அதே பக்தி வேறு மலைகளில் கதவைச் சாத்துகிறது. வெள்ளியங்கிரியின் ஏழு மலையை இளம்பெண்களும் நடுவயதுப் பெண்களும் ஏறும் வழக்கம் இல்லை. அகத்தியர்கூடத்தில், 1,868 மீட்டர், கேரள உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் உச்சிவரை பெண்களுக்கு வழி திறந்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பு அதிகாரி தன்யா சனல் ஏறினார். என் அக்கா மகள் பட்டியலில் அந்த மலை இருப்பதே அந்தத் தீர்ப்பால்தான். மாறாக, போளூர் அருகே பர்வதமலையில், பாறையில் அறைந்த கம்பிகளையும் சங்கிலிகளையும் பிடித்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகியபடி பாட்டிமார் ஏறுவதைப் பார்க்கலாம். அந்தக் கடப்பாரைப் படியை எந்த நாட்டுச் சாகசப் பட்டியலிலும் தாராளமாகச் சேர்க்கலாம்.

இனி செஞ்சி. இந்த ஊரை நான் இத்தனை பிடிவாதமாக முன்வைக்கக் காரணம், கேள்வி முழுவதும் இங்கே மூன்று மலைகளாக எழுந்து நிற்பதுதான்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் இணைத்து ஓடும் மதில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். கோன் மரபினர் தொடங்கியதை நாயக்கர்கள் விரித்தார்கள், பீஜப்பூர் பிடித்தது, 1677இல் சிவாஜி பிடித்தார், முகலாயத் தளபதி சுல்பிகர் கானால் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். 2025 ஜூலையில் மராட்டியரின் போர்க்கோட்டைகள் பன்னிரண்டையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை இது.

ராஜகிரி 800 அடி உயரம். அடிவாரத்தில் கல்யாண மகால், களஞ்சியம், யானைக்குளம், வேங்கடரமணர் கோயில். கல்யாண மகாலின் அடுக்கு மாடத்தில் அரண்மனைப் பெண்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள். கோட்டைக்குள் இன்னொரு கோட்டை. அதைத் தாண்டி ஏறத் தொடங்கினால் முதலில் நல்ல படிக்கட்டு, பிறகு மரநிழல், பிறகு வெறும் பாறை. நடுவழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். மலைக்கே முன்பு கமலகிரி என்றுதான் பெயர். சித்திரைத் திருவிழாவில் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் இங்கே கூட்டம் கூட்டமாக வருவார்கள். உச்சிக்குச் சற்று முன்னே மலை பிளந்து நிற்கும். 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் சிறு பாலம். பாலத்தை இழுத்துக்கொண்டால் மேலே இருப்பவர்களை யாரும் நெருங்க முடியாது என்பதுதான் அந்தக் காலத்துக் கணக்கு. பாலத்தில் நின்று கீழே பார்க்கும்போது வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடும். சாகசம் என்று எதைச் சொல்கிறோமோ அது எனக்கு அந்த நொடிதான். மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி, நாற்புறமும் நெல்வயல்.

சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி. ராஜகிரியைவிடச் சிறியது, ஏறுவதும் எளிது. ராணிக் கோட்டை என்பார்கள். பெயரைக் கேட்டவுடன் பெண்களுக்கு இதுதான் பொருத்தம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல்முறை தனியாகப் போனபோது அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரு வாரநாள் பிற்பகல். பாதி வழியில், அரைமணி நேரமாக ஒருவரையும் பார்க்கவில்லை என்பது உறைத்தது. சற்று மேலே ஆண்குரல்கள் கேட்டன. யார், எத்தனை பேர் என்று தெரியவில்லை. அவர்கள் நல்ல பையன்களாகவே இருந்திருக்கலாம். நான் திரும்பி இறங்கிவிட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ராஜகிரி ஏறினேன். முன்னால் பண்ருட்டியிலிருந்து வந்த குடும்பம், பின்னால் கல்லூரி மாணவிகள், பாதையோரம் புல் செதுக்கும் பெண்கள். மூச்சு முட்டியது, முழங்கால் வலித்தது, பயம் இல்லை.

பெரிய மலையில் பயமில்லை, சின்ன மலையில் பயம். இதை நான் ராஜகிரிப் படியில்தான் கற்றுக்கொண்டேன். உயரத்தை வைத்தோ பெயரை வைத்தோ இடம் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், பெண்கள் வேறு வேலையாக நடமாடுகிறார்களா என்று பார்க்கவேண்டும். புல் செதுக்குகிறவர், மோர் விற்கிறவர், பேரனைத் தூக்கிக்கொண்டு சாமி கும்பிட வந்தவர். அவர்கள் உங்களைக் காவல் காக்க வந்தவர்கள் இல்லை; அவர்கள் இருப்பதே போதும். அதே கிருஷ்ணகிரிக்குப் பிறகு ஒரு பொங்கல் விடுமுறையில் போனேன். வெயில் இறங்காத காலையில் களஞ்சியங்களும் தூண் மண்டபமும் அத்தனை அழகு. இடம் மாறவில்லை, வேளை மாறியிருந்தது.

மூன்றாவது சந்திரகிரி. சீரான படி கிடையாது, முட்புதர், சிதைந்த சுவர்கள். அங்கே கால் பிசகினால் கூப்பிட ஆள் இல்லை. வழி தெரிந்த உள்ளூர்க்காரர் துணையில்லாமல் நான் போனதில்லை, போகச் சொல்லவும் மாட்டேன். செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றும் இந்த வகைதான். பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட செய்தியைச் சொல்லும் பழந்தமிழ்க் கல்வெட்டு அங்கே இருக்கிறது; 'ஐ' என்ற எழுத்து நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று அது. அந்தத் தனிமைதான் அவரை அங்கே இழுத்திருக்கும். அதே தனிமைதான் என்னை ஒரு துணை தேட வைக்கிறது. இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஒரு துறவிக்குக் கிடைத்த மௌனம் எனக்கும் கிடைக்கவேண்டும். இன்னும் கிடைக்கவில்லை.

ராஜகிரிக்குப் போக சில நடைமுறைகள். பிற்பகல் 3 மணிக்கு மேல் ஏறவிடுவதில்லை. காலை 9 மணிக்குத் திறந்தவுடன் ஏறுவது உத்தமம். மேலே குடிநீரை நம்பக் கூடாது, இரண்டு லிட்டர் தூக்கிப் போகவேண்டும். குரங்குகளுக்குப் பாலித்தீன் பையின் சலசலப்புப் போதும், பறித்துவிடும். எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டு மூடவேண்டும். கார்த்திகை முதல் மாசிவரை நல்ல காலம். பங்குனி பிறந்துவிட்டால் பாறை அடுப்புக்கல். மழை நாளில் வழுக்கும். முக்கியமாக, இறங்குவதற்கு ஏறுவதில் பாதி நேரம் போதும் என்று நினைக்கக் கூடாது. களைத்த கால்தான் பிசகும்.

பேருந்து பற்றிக் கொஞ்சம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதைச் சேமிப்புக் கணக்காகவே பலர் பேசுகிறார்கள். நான் பார்த்தது வேறு. வீட்டில் கையேந்தாமல், எதற்கு என்று சொல்லாமல், பெண்கள் பக்கத்து ஊருக்குப் போய்வரப் பழகிவிட்டார்கள். பேருந்தில் பெண்கள் கூடக்கூட, தனியாக ஏறுகிறவளைத் திரும்பிப் பார்ப்பதும் குறைகிறது. ஒரு பயணியின் பாதுகாப்பு, பயணியல்லாத ஆயிரம் பெண்கள் வெளியே வருவதில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

தங்குமிடம்தான் இன்னும் சிக்கல். ஒரு மாவட்டத் தலைநகரில், மழை இரவில், அடையாள அட்டை எல்லாம் கையில் இருந்தும், "தனியா லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா" என்று ஒரு விடுதியில் திருப்பி அனுப்பினார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. அன்றிலிருந்து போவதற்கு முன்பே தொலைபேசியில் பேசி, "நான் ஒருத்திதான் வருகிறேன்" என்று சொல்லித்தான் அறை பிடிக்கிறேன். செஞ்சியைப் பொறுத்தவரை, காலையில் வந்து மாலையில் திரும்பும்படி திட்டமிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. புதுச்சேரி, திண்டிவனம், திருவண்ணாமலை மூன்றும் பகலுக்குள் போய்வரும் தூரம். 112 அவசர எண், 181 மகளிர் உதவி எண் இரண்டும் கைப்பேசியில் இருக்கட்டும். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவருக்காவது சொல்லியிருக்கவேண்டும். அனுமதி கேட்பதற்கும் தகவல் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

சின்னக் குன்றில் தொடங்குவது குறைவல்ல. 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் முத்தமிழ்ச்செல்வி. விருதுநகர் மாவட்டத்துக்காரர், இரண்டு பெண்களுக்குத் தாய். அவர் பெயர் முதலில் செய்தியில் வந்தது காஞ்சிபுரம் மாவட்டத்து மலைப்பட்டில் 155 அடிக் குன்றிலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்கியபோது. ராஜகிரியின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஸ்பிதியும் மேகாலயாவும் எங்கேயும் ஓடிப்போகாது. அங்கே போகவேண்டிய கால், கழுத்து வெயில், தாகம், முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்கும் குரல், "வேண்டாம், இறங்கிவிடுவோம்" என்று தனக்குத்தானே சொல்லும் துணிவு, இவை எல்லாம் அவள் விடுதியிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் பழகிக்கொள்ளக் கூடியவை.

செஞ்சியில் செட்டிக்குளக் கரையைக் காட்டி ஒரு கதை சொல்வார்கள். 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு மோதி இளவயதிலேயே இறந்தார் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா. அவர் சிதையில் அவருடைய இளம் மனைவியும் ஏறினாள், அது இங்கேதான் என்பார்கள். தேசிங்கின் குதிரையைப் பற்றிக்கூட ஊரில் ஆயிரம் பேசுவார்கள். அந்தப் பெண் எங்கோ வடக்கிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவள். அவளைத் திருப்பி அனுப்ப ஒரு வழியும் யாரும் வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கரையில் சற்று நின்றுவிட்டுத்தான் பேருந்துக்குப் போகிறேன்.

இதையெல்லாம் எழுதி அக்கா மகளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு ஒரு செய்தி வந்தது. மார்கழி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜகிரி, தனியாக. பிறகு ஒரு கேள்வி: "சித்தி, செஞ்சியிலிருந்து பாண்டிக்கு சாயந்திரம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"